கிராபிக்ஸ் கார்டு: ஜிபி மட்டும் பார்த்தால் போதுமா?

"தம்பி, 4 ஜிபி கார்டு விலை கம்மி, 2 ஜிபி கார்டு விலை அதிகம்னு எழுதியிருக்கு. கடைக்காரர் மாத்தி எழுதிட்டாரா?"

பாலக்கோடு பக்கத்தில் தக்காளி பயிரிடும் விவசாயி ஒருவர் துண்டுச் சீட்டை நீட்டியபடி என்னிடம் கேட்ட கேள்வி இது. உடன் அவருடைய மகளும் மகனும் வந்திருந்தனர். மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறார். ஆட்டோகேட் புரோகிராமில் ஒரு கட்டடத்தின் 3டி மாடலைத் திருப்பிப் பார்த்தால் திரை திக்கித் திக்கி நகர்கிறதாம். மகனுக்கு கேம்ஸ். கம்ப்யூட்டர் வாங்கி சில மாதங்களே ஆகியிருந்தன. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, இரண்டு இடங்களில் விலை விசாரித்து வந்திருந்தார்கள். ஒன்று தர்மபுரியில், மற்றது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உறவினர் மூலம். நம் மாவட்டத்தில் இது வழக்கம்தானே! ஒன்று தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போவோம், இல்லையென்றால் ஓசூர் தாண்டி பெங்களூரு போவோம்.

சீட்டில் இருந்த இரண்டும் ஜிஇபோர்ஸ் ஜிடி 730. பெயரில் ஓர் எழுத்து கூட வித்தியாசம் இல்லை. கடைக்காரர் யாரும் மாற்றி எழுதவில்லை. 4 ஜிபி கார்டில் இருந்தது டிடிஆர்3 மெமரி. 2 ஜிபி கார்டில் இருந்தது ஜிடிடிஆர்5 மெமரி. விலை கூடியதற்குக் காரணம் அதுதான்.

"பணம் பிரச்னை இல்லீங்க, தப்பானதை வாங்கிடக் கூடாது" என்றார். தக்காளி விலை என்ன பாடுபடுத்தும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பணம் பிரச்னை இல்லை என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

பெரிய கிடங்கு, ஒற்றையடிப் பாதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கிராபிக்ஸ் கார்டு பெட்டியில் முதலில் பார்ப்பது 2 ஜிபி, 4 ஜிபி என்ற பெரிய எழுத்தைத்தான். இது கார்டில் உள்ள மெமரியின் கொள்ளளவு மட்டுமே. ஒரு கிடங்கில் எத்தனை கூடை தக்காளி அடுக்கலாம் என்பதைப் போன்றது. கிடங்கிலிருந்து ரோட்டிற்கு வரும் பாதை ஒற்றையடிப் பாதையாக இருந்தால் எத்தனை கூடை இருந்து என்ன பயன்? லாரி காத்துக்கொண்டுதான் நிற்கும். கார்டில் உள்ள சிப்தான் அந்த லாரி.

பாதையின் அகலத்தை மெமரி பஸ் என்கிறார்கள். 64 பிட், 128 பிட், 192 பிட் என்று குறிப்பிடுவார்கள். பாதையில் ஓடும் வேகம் மெமரி வகையைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து விநாடிக்கு எவ்வளவு டேட்டா போகும் என்று முடிவு செய்கின்றன. இதன் பெயர் மெமரி பேண்ட்வித். இதனை நீங்களே கணக்கிடலாம். மெமரி வேகத்தைப் பஸ் அகலத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்திடுங்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் இந்த வகுத்தல்.

ஜிடி 730 கார்டையே எடுத்துக்கொள்வோம். 2014ல் என்விடியா இதனை வெளியிட்டபோதே ஒரே பெயரில் மூன்று வகைகள் இருந்தன. முதலாவது பெர்மி என்ற பழைய தலைமுறை சிப், 96 கோர்கள், 128 பிட், டிடிஆர்3. இரண்டாவது கெப்ளர் தலைமுறை, 384 கோர்கள், 64 பிட், டிடிஆர்3. மூன்றாவது அதே கெப்ளர், 384 கோர்கள், 64 பிட், ஆனால் ஜிடிடிஆர்5.

கணக்கைப் போடுங்கள். டிடிஆர்3 மெமரியின் வேகம் விநாடிக்கு 1.8 ஜிகாபிட். 128 பிட் என்றால் 28.8 ஜிபி. 64 பிட் என்றால் 14.4 ஜிபி. ஜிடிடிஆர்5 மெமரியின் வேகம் 5 ஜிகாபிட். அதனால் அதே 64 பிட் பாதையிலும் 40 ஜிபி கிடைக்கிறது. கெப்ளர் கார்டுகள் இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! பெட்டியின் முகப்பில் இது எங்கும் பெரிதாக இருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில விவரப் பட்டியல்களில் டிடிஆர்3 வேகம் 900 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும். அதனை இரண்டால் பெருக்கினால்தான் 1.8 ஜிகாபிட் வரும். ஜிடிடிஆர்5க்கு 1250 என்று போட்டிருந்தால் நான்கால் பெருக்கிட வேண்டும். இந்தக் குழப்பத்தில் நானும் ஒருமுறை தவறான கணக்குப் போட்டு நண்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

96 கோருக்கும் 384 கோருக்கும் நான்கு மடங்கு வேக வித்தியாசம் இருக்குமா என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. இருக்காது. பெர்மி சிப்பில் கோர்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கூடுதல் வேகத்தில் இயங்கும். கெப்ளரில் கோர்கள் அதிகம், வேகம் குறைவு. எனவே கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். வேறு தலைமுறை அல்லது வேறு நிறுவனம் என்றால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

தலைமுறையில் இன்னொரு விஷயமும் உண்டு. பெர்மி கார்டுகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2018லேயே நிறுத்தியது. கெப்ளர் கார்டுகளுக்கு 2021ல் முக்கிய டிரைவர் வெளியீடு நின்றது. ஒரே ஜிடி 730 பெயரில் வாங்கியவர்களில் ஒருவருடைய கார்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பழையதாகிவிட்டது.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

இது ஏதோ ஒரு கார்டில் நடந்த விபத்து அல்ல. 2002ல் ஜிஇபோர்ஸ்4 எம்எக்ஸ் என்ற கார்டு விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜிஇபோர்ஸ்3 கார்டில் பிக்சல் ஷேடர் என்ற புதிய வசதி இருந்தது. எண்ணில் பெரியதான 4 எம்எக்ஸ் கார்டில் அது இல்லை. உள்ளே இருந்தது ஜிஇபோர்ஸ்2 வழி வந்த சிப். 3ஐ விட 4 பெரியது என்று நம்பி வாங்கியவர்கள், பிறகு வந்த சில கேம்கள் அந்தக் கார்டில் இயங்காததைக் கண்டு தலையில் கை வைத்தார்கள்.

2017 மே மாதம் வந்த ஜிடி 1030 கார்டில் 2 ஜிபி ஜிடிடிஆர்5 மெமரி. 64 பிட், 6 ஜிகாபிட். பெருக்கி வகுத்தால் 48 ஜிபி. சிறிய கார்டு, 30 வாட்ஸ் மின்சாரம்தான் எடுக்கும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு உண்மையிலேயே நல்ல பொருள். 2018ல் அதே ஜிடி 1030 என்ற பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. கோர்கள் அதே 384, அதே 2 ஜிபி, அதே 64 பிட். ஆனால் மெமரி வேகம் 2.1 ஜிகாபிட். எனவே பேண்ட்வித் 16.8 ஜிபி. பாதியை விடக் குறைவு. இரண்டையும் வாங்கி அருகருகே வைத்துச் சோதித்த விமர்சகர்கள், பல கேம்களில் டிடிஆர்4 கார்டு ஏறக்குறைய பாதி வேகமே தருவதைக் கண்டார்கள். முதல் கார்டுக்கு 2017ல் எழுதப்பட்ட பாராட்டைப் படித்துவிட்டு இரண்டாவது கார்டை வாங்கியவர் நிலை என்ன?

ஏஎம்டி பக்கமும் இது நடந்தது. 2017ல் ரேடியான் ஆர்எக்ஸ் 560 என்ற பெயரில் 1024 கோர்கள் கொண்ட கார்டும் விற்றது, 896 கோர்கள் கொண்ட கார்டும் விற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே வந்த பிறகுதான் ஏஎம்டி இதனை விளக்கியது.

இன்னும் அண்மையில், ஆர்டிஎக்ஸ் 3050. 2022ல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், 128 பிட், 224 ஜிபி பேண்ட்வித், 130 வாட்ஸ். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட், 168 ஜிபி, 70 வாட்ஸ். பெயரில் வித்தியாசம் அந்த 6, 8 என்ற எண் மட்டுமே. மெமரி மட்டும்தான் 2 ஜிபி குறைவு என்று நினைப்பீர்கள். உண்மையில் கார்டே வேறு.

சோதனை முடிவுகளை எப்படிப் படிப்பது?

விவரப் பட்டியல் பாதிக் கதைதான். மீதியை, கார்டை ஓட்டிப் பார்த்தவர்கள் தரும் முடிவுகளில்தான் பார்க்க வேண்டும். விநாடிக்கு எத்தனை பிரேம்கள் திரையில் வருகின்றன என்பதுதான் அங்கே அளவு. இதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

2001ல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டில் ஒரு வேடிக்கை நடந்தது. குவேக் 3 என்ற கேம் அதில் நன்றாக ஓடியது. யாரோ அந்த கேம் பைலின் பெயரில் இருந்த குவேக் என்ற சொல்லை குவாக் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படத்தின் தரம் கூடியது! டிரைவர் பைலின் பெயரைப் பார்த்து, அந்த ஒரு கேமுக்கு மட்டும் படத் தரத்தைக் குறைத்து வேகம் கூட்டியிருந்தது. 2003ல் என்விடியாவின் முறை. 3டிமார்க்03 என்ற சோதனை புரோகிராமைத் தயாரித்த பியூச்சர்மார்க் நிறுவனம், டிரைவர் தன் சோதனையைக் கண்டுகொண்டு குறுக்கு வழியில் போவதாக அறிக்கை வெளியிட்டது. அதனைத் தடுக்கும் திருத்தத்திற்குப் பிறகு ஜிஇபோர்ஸ் எப்எக்ஸ் 5900 அல்ட்ரா கார்டின் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் சரிந்தது. சில நாட்களில் இரு நிறுவனங்களும் சேர்ந்து, இது ஏமாற்று அல்ல, அந்த புரோகிராமுக்கென்று செய்த மேம்பாடு என்று அறிக்கை விட்டன. நீங்கள் எதை நம்புவீர்களோ! என்னைப் பொறுத்தவரை, ஒற்றை மதிப்பெண்ணை மட்டும் காட்டும் ஒப்பீட்டை ஓரம் வைத்துவிட்டு, நான்கைந்து உண்மையான கேம்களின் முடிவுகளைத் தேடுவேன்.

அதிலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் ரெசல்யூஷன். 1366 x 768 திரையில் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். 1920 x 1080 திரையில் சுமார் 20.7 லட்சம். அதாவது இரு மடங்கு வேலை. உங்கள் மானிட்டர் எதுவோ அதற்கான முடிவைப் பார்க்க வேண்டும். அடுத்தது சோதித்தவரின் பிராசசர். விலை உயர்ந்த பிராசசரில் கிடைத்த பிரேம் எண்ணிக்கை உங்கள் சாதாரண பிராசசரில் கிடைக்காது. மூன்றாவது, சராசரியுடன் மிகக் குறைந்த பிரேம் எண்ணிக்கையும் தந்திருக்கிறார்களா என்பது. சராசரி 60 இருந்து, கூட்டமான காட்சியில் 15க்கு இறங்கினால் அந்த 15தான் உங்கள் கண்ணில் படும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விநாடிக்கு 60 முறைதான் படம் மாறும். அதற்கு மேல் 140 வந்தாலும் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை.

மகளுக்கு வேண்டியது எது?

மகள் கேட்டார்: "ஆட்டோகேடுக்கு யாரும் பிரேம் கணக்கு சொல்றதில்லையே சார்?"

உண்மைதான். ஆனால் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வேறு வகையில் உதவி செய்கிறது. ஆட்டோகேட் 2020, 2021 பதிப்புகளுக்கான தேவைப் பட்டியலில் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொள்ளளவை மட்டும் சொல்லவில்லை. குறைந்தபட்சம் 1 ஜிபி மெமரியுடன் 29 ஜிபி பேண்ட்வித் வேண்டும், 4 ஜிபி மெமரியுடன் 106 ஜிபி பேண்ட்வித் இருந்தால் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். நாம் போட்ட கணக்கை இதனுடன் வைத்துப் பாருங்கள். 64 பிட் டிடிஆர்3 உள்ள 4 ஜிபி ஜிடி 730 கார்டு, கொள்ளளவில் பரிந்துரையை எட்டுகிறது, பேண்ட்வித்தில் குறைந்தபட்சத்தின் பாதியில் நிற்கிறது. 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டு குறைந்தபட்சத்தைத் தாண்டுகிறது. சீட்டில் விலை அதிகம் என்று அடித்து வைத்திருந்தது அந்தக் கார்டைத்தான்.

ஆனால் அதையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ரைசன் 5 5600ஜி பிராசசர். அதற்குள்ளேயே ரேடியான் கிராபிக்ஸ் இருக்கிறது. இப்படி உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் சிப்பிற்குத் தனி மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ரேமைப் பகிர்ந்துகொள்ளும். அப்படியானால் அதன் பாதை எது? ரேம்தான்!

அவர்கள் வீட்டிற்குப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். பெர்பாமன்ஸ் டேபில் மெமரி என்பதைக் கிளிக் செய்தால் எத்தனை ஸ்லாட்டுகளில் ரேம் இருக்கிறது என்று தெரியும். இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. 8 ஜிபி, டிடிஆர்4, 3200. ஒரு ரேம் ஸ்டிக்கின் பாதை 64 பிட். 3.2 ஜிகாபிட் வேகத்தைப் பெருக்கி வகுத்தால் 25.6 ஜிபி. ஆட்டோகேட் கேட்கும் 29க்குக் கீழே. இதே போன்ற இன்னொரு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் இரண்டு பாதைகளும் சேர்ந்து வேலை செய்யும். இதனை டூயல் சேனல் என்பார்கள். 51.2 ஜிபி ஆகிவிடும். அந்த 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டின் 40 ஜிபியை விட இது அதிகம்!

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 51.2 ஜிபி முழுவதும் கிராபிக்ஸுக்குக் கிடைக்காது. பிராசசரும் அதே பாதையில்தான் போய் வரும். அப்படிப் பார்த்தாலும், 2014ன் சிப்பையும் 2021ன் சிப்பையும் ஒப்பிட்டால் புதிய சிப் பக்கம்தான் நான் நிற்பேன். டிரைவரும் தொடர்ந்து கிடைக்கும்.

எனவே கார்டு வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் வாங்கச் சொன்னேன். தர்மபுரியிலேயே கிடைத்தது. பெங்களூரு பஸ் செலவு மிச்சம். போட்ட பிறகு மகள் அந்த 3டி மாடலைத் திறந்து திருப்பிக் காட்டினார். முன்பிருந்த திக்கல் பெரும்பாலும் போயிருந்தது. டூயல் சேனல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 8 ஜிபி ரேமில் விண்டோஸும் ஆட்டோகேடும் பிரவுசரும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. இடம் விட்டதும் எல்லாமே சுலபமாக மூச்சு விட்டன.

மகன் முகம் மட்டும் மலரவில்லை. கேம்களில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் அவன் ஆசைப்பட்ட கேமுக்கு அது போதவில்லை. அதற்குத் தனிக் கார்டுதான் வேண்டும். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மதர்போர்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ் மட்டுமே தரும். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்ஸும் 8 பின் இணைப்பு 150 வாட்ஸும் தரும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டில் உள்ள சின்ன 600 விஏ யுபிஎஸ், பெரும்பாலும் 360 வாட்ஸ் அளவுக்குத்தான் தாங்கும். கேம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால், மானிட்டரும் கம்ப்யூட்டரும் கார்டும் சேர்ந்து இழுப்பதைத் தாங்காமல் அதுவும் படுத்துவிடலாம். நம் பகுதியில் கரண்ட் போகாது என்று யாரும் எனக்கு எழுத மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்லாட்டின் தலைமுறையையும் கவனியுங்கள். 2022ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, ஸ்லாட்டின் 16 தடங்களில் 4 தடங்களை மட்டுமே பயன்படுத்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள கம்ப்யூட்டரில் அது ஓரளவு சமாளிக்கும். 3.0 என்றால் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைவதைச் சோதனைகள் காட்டின. மகனுடைய 5600ஜி பிராசசர் 3.0தான். எனவே அந்தக் கார்டை அவன் பட்டியலிலிருந்து அடித்தோம்.

பழைய கார்டு வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பெயரில் விற்கும் மோசடி பரவலாக நடந்திருக்கிறது. அந்தத் தலைமுறைச் சிப்பிலிருந்து பழைய அனலாக் விஜிஏ வசதி நீக்கப்பட்டுவிட்டது. கார்டின் பின்புறம் நீல நிற விஜிஏ இணைப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இறக்கி இயக்கினால் சிப்பின் பெயர், மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்வித் எல்லாம் ஒரே விண்டோவில் வந்துவிடும். 2018ல் வந்த பதிப்பு முதல், போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காட்டும் வசதியும் அதில் இருக்கிறது. கடையில் பணம் கொடுக்கும் முன்பே இயக்கிக் காட்டச் சொல்லலாம். தயங்க வேண்டாம்.

டிஎக்ஸ்டயாக் திரையில் தெரியும் மொத்த மெமரி அளவை மட்டும் நம்பாதீர்கள். கார்டின் சொந்த மெமரியுடன் ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடியதையும் சேர்த்துக் காட்டும்.

இன்னொன்று. கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளை மதர்போர்டு இணைப்பிலேயே விட்டுவிடுபவர்கள் நிறைய. காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கேபிளைக் கழற்றி, கார்டில் உள்ள எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டிடுங்கள்.

மகன் இப்போது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்காகப் பணம் சேர்க்கிறான். 70 வாட்ஸ் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர் தேவையில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் செலவும் இல்லை. 168 ஜிபி பேண்ட்வித் இருப்பதால் அக்காவின் ஆட்டோகேடுக்கும் பரிந்துரைத்த அளவை எட்டிவிடும். அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் பாதிப் பணத்திற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறானாம். கடைக்குப் போகும்போது பில்லில் கார்டின் பெயர், 6 ஜிபி, ஜிடிடிஆர்6, 96 பிட் நான்கையும் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா அந்த நான்கையும் தன் தக்காளிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.